முன் வரிசை நாற்காலி

கச்சேரிகளில் முன் வரிசை என்பது சங்கீதம் கேட்பவர்களுக்காக ஏற்பட்டதல்ல. அந்த மெத்தை நாற்காலிகள் நன்கொடை கொடுத்தவர்களுக்கும், பெரிய உத்தியோகஸ்தர்களுக்கும், அவர்களுடைய குடும்பத்தாருக்கும் உரியவை. இவர்கள் வர்ணம் முடிந்த பிறகு வருவார்கள். தனி ஆவர்த்தனம் ஆரம்பிக்குமுன் எழுந்து போவார்கள். இடையில் உள்ள நேரத்தில் பின்னால் திரும்பி, யார் யார் வந்திருக்கிறார்கள் என்று கணக்கெடுப்பார்கள். மெய்யான ரசிகரோ எங்கேயோ ஒரு தூணுக்குப் பின்னால் நின்று, கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருப்பார்.

நையாண்டி மேளத்துக்கு இந்தத் தொல்லை கிடையாது. அதற்கு முன் வரிசையே இல்லை. அம்மன் புறப்பாட்டில் மேளம் முன்னே போகும், ஜனங்கள் பின்னே போவார்கள். நின்ற இடத்தில் வட்டம் கட்டுவார்கள். ஆகவே, எங்கள் ஊர்ப் பொங்கலில் நையாண்டி மேளத்துக்கு எதிரே நாற்காலி போட்டு, அதில் முதல் வரிசையில் என்னை உட்கார வைத்தபோது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. உட்கார்ந்ததனால் நான் கண்டதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மகாராஜபுரம். சங்கீதப் பிரியர்கள் உடனே நிமிர்ந்து உட்கார வேண்டாம். விசுவநாதய்யரும் சந்தானமும் தங்கள் பெயருக்கு முன்னால் சேர்த்துக்கொண்ட மகாராஜபுரம் சோழ நாட்டில், காவிரிப் பாசனத்தில் இருக்கிறது. எங்களுடையது ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கே, வத்திராயிருப்புக்குப் பக்கத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் காலடியில் உள்ளது. ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி மகாலிங்கத்தைத் தரிசிக்கத் தாணிப்பாறை போகும் பக்தர்கள் எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறார்கள். சங்கீத வித்வான் என்று யாரையும் இந்த மண் உலகுக்கு அளித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் மேளச் சத்தம் கேட்டால் வரப்பில் நிற்கிறவனும் காலை மாற்றி மாற்றி வைப்பான். அந்த அளவு ஞானம் எங்களுக்கு உண்டு.

நையாண்டி மேளம் என்ற பெயரிலேயே ஒரு இளக்காரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாதஸ்வரமும் தவிலும் கோவிலுக்குள் ராகம் வாசித்தால் அது பெரிய மேளம். அதே இரண்டும் தெருவுக்கு வந்து பம்பையோடும் உறுமியோடும் தமுக்கோடும் சேர்ந்துகொண்டு கரகாட்டத்துக்கு வாசித்தால் அது நையாண்டி. எங்கள் ஊருக்கு வரும் கோஷ்டியில் எட்டுப் பேர்: நாயனம் இரண்டு, தவில் இரண்டு, பம்பை, உறுமி, தமுக்கு, தாளம். நாயனம் குட்டையானது, அதன் சுருதி வானத்தைக் குத்தும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை நீளமான பாரி நாயனத்தைக் கையில் எடுத்து, சுருதியைக் கீழே இறக்கி, நாதஸ்வரத்துக்கு ஒரு புதிய கம்பீரத்தைக் கொடுத்தார். கிராப்புத் தலையும் கோட்டுமாக அவர் மேடையில் அமர்ந்தது வெறும் டம்பத்துக்காக அல்ல. மேல் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்கவேண்டியவர்கள் என்று ஒரு கூட்டத்தாரை வைத்திருந்த காலத்துக்கு அவர் அளித்த பதில் அது. அவருடைய சிஷ்யர் காருகுறிச்சி அருணாசலம் எங்கள் சீமைக்குப் பக்கத்திலேயே, கோவில்பட்டியில் வாழ்ந்தார். 1962-இல் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை'யில் அவர் வாசிப்பைக் கேட்காத தமிழர் குறைவு. இரண்டு வருஷங்கள் கழித்து, நாற்பத்து மூன்றாவது வயதில் காலமாகிவிட்டார். என் தகப்பனார் அவர் வாசிப்பை நேரில் கேட்டவர். அதற்குப் பிறகு எந்த நாயனத்தையும் அவர் முழு மனதாகப் புகழ்ந்ததில்லை.

இந்தக் கௌரவமெல்லாம் பெரிய மேளத்தோடு நின்றுவிட்டது. நையாண்டி மேளக்காரருக்கு இன்னும் நின்றுகொண்டுதான் ஜீவனம்.

இந்த வருஷப் பொங்கலுக்கு முன்னால் விழாக் கமிட்டியில் பெரிய விவாதம் நடந்தது. இளைஞர்கள் கேரளத்துச் செண்டை வேண்டும் என்றார்கள். அதைவிட இளையவர்கள், 'டி.ஜே.' என்று சொல்லப்படும் ராட்சத ஒலிபெருக்கி இருந்தால் போதும், மேளமே வேண்டாம் என்றார்கள். நாற்பது வருஷமாக வருகிற கோஷ்டி. அண்ணன் தம்பி இருவர் நாயனம். அண்ணனுக்கு எழுபது தாண்டிவிட்டது. "பழைய சரக்கு, ஐயா!" என்று ஒருவர் தீர்ப்புக் கூறினார். கடைசியில் சமரசம் ஏற்பட்டது. இரவு ஏழு மணியிலிருந்து எட்டரை வரையில் மேளம். அதன் பிறகு போலீஸ் அனுமதித்த பத்து மணி வரையில் ஒலிபெருக்கி. ஒலிபெருக்கிக்காகப் போட்ட நாற்காலிகள்தான் மேளத்துக்கும் பயன்பட்டன. ஆக, முன் வரிசை ஏற்பட்டதற்கு மேளம் பொறுப்பல்ல.

என் பக்கத்தில் என் தமக்கையின் பிள்ளை உட்கார்ந்திருந்தான். பெங்களூரில் கம்ப்யூட்டர் உத்தியோகம். வாலிபத்தில் அவனுக்கு 'ராக்' சங்கீதப் பைத்தியம். 2003-ஆம் வருஷம் ஏப்ரல் 4-ஆம் தேதி, 'ரோலிங் ஸ்டோன்ஸ்' என்ற பிரசித்தி பெற்ற ஆங்கிலேய கோஷ்டி பெங்களூர் அரண்மனை மைதானத்தில் வாசித்தபோது, மாலையிலேயே போய் நின்று, முண்டியடித்து, தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டவன். 1962-இல் லண்டனில் தொடங்கிய கோஷ்டி அது. பெங்களூருக்கு வந்தபோது பாடகர் மிக் ஜாகருக்கும் கித்தார் வாசிக்கும் கீத் ரிச்சர்ட்ஸுக்கும் அறுபது நெருங்கிக் கொண்டிருந்தது. மேளக்காரர் சார்லி வாட்ஸுக்கு அறுபது கடந்துவிட்டது. நம் ஊர்க் கணக்குப்படி சஷ்டியப்தபூர்த்திக்கு நாள் பார்க்க வேண்டிய கிழவர்கள்!

மேளம் ஆரம்பித்தது. மூன்று கஜ தூரத்தில் உட்கார்ந்து நையாண்டி மேளம் கேட்பதென்றால் என்னவென்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். முதலில் காது கேட்பதில்லை, மார்பு கேட்கிறது. உறுமிக்காரர் வளைந்த குச்சியை இடது பக்கத்துத் தோலில் தேய்க்கும்போது, அந்த முனகல் நாற்காலியின் கால் வழியாக ஏறி முதுகெலும்புக்கு வருகிறது. தவில்காரர்களின் வலது கை விரல்களில் மாவுப் பசையில் துணியைத் தோய்த்துச் சுற்றிக் காய வைத்த கூடுகள் வெள்ளையாகப் பளிச்சிடும். இடது கையில் பூவரசங் கழி. பலா மரத்தைக் குடைந்த அந்தப் பாரத்தை வாரில் கோத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒன்றரை மணி நேரம் நின்றபடியே அடிக்கிறார்கள். வார் அழுந்திய இடத்தில் சட்டை நனைந்து, தோளில் ஒரு பள்ளம் தெரிந்தது. நாற்பது வருஷமாக இவர்களைக் கேட்டிருக்கிறேன். ஆனால் அந்தப் பள்ளம் கூட்டத்துக்குப் பின்னால் நின்று கேட்கிறவனுக்குத் தெரிவதில்லை.

மேளத்தின் கண்கள் எங்கே இருக்கின்றன என்பதும் அப்போதுதான் தெரிந்தது. எட்டுப் பேரில் யாரும் தன் வாத்தியத்தைப் பார்க்கவில்லை. தவில் இரண்டும் ஒன்றையொன்று பார்த்தன. உறுமி பெரியவருடைய புருவத்தைப் பார்த்தது. பம்பை உறுமியைப் பார்த்தது. தாளக்காரர் மட்டும் அம்மனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தாளம் பிசகவில்லை.

மருமான் என் காதருகே குனிந்தான். "மாமா, இதே மாதிரிதான் அங்கேயும். நான் பாடுகிறவரைத்தான் பார்க்கப் போனேன். பத்து நிமிஷத்துக்குப் பிறகு அவரைப் பார்க்கவே இல்லை. அந்த மேளக்காரர் கித்தார்க்காரர் முகத்தையே பார்த்துக்கொண்டு வாசித்தார். ஊர்ப்பட்ட கூட்டம் கத்துகிறது; அவர் ஆபீசில் கணக்கு எழுதுகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்!"

அந்தச் சார்லி வாட்ஸ் 2021 ஆகஸ்டில் காலமாகிவிட்டார். மற்றவர்கள் வேறொரு மேளக்காரரை வைத்துக்கொண்டு, எண்பது வயதைக் கடந்தும் 2024-இல் அமெரிக்காவைச் சுற்றி வந்தார்கள் என்று மருமான் சொன்னான். அவர்களுக்கென்ன, கோடி கோடியாய்ப் பணம் இருக்கிறது, வைத்தியர்கள் இருக்கிறார்கள், பெட்டி தூக்க நூறு பேர் இருக்கிறார்கள் என்றேன். "அதெல்லாம் சரி, மாமா. ஆனால் மூச்சுக்கு யார் உதவி?" என்றான்.

அவன் அப்படிக் கேட்ட சிறிது நேரத்துக்கெல்லாம் அந்தச் சம்பவம் நடந்தது. கூட்டம் சினிமாப் பாட்டுக் கேட்டது. 1989-இல் 'கரகாட்டக்காரன்' படம் வந்ததிலிருந்து இந்த மேளத்துக்கு விடிமோட்சம் இல்லை. அந்தப் படத்துப் பாட்டை வாசித்தால்தான் ஜனங்களுக்குத் திருப்தி. பெரியவர் சிரித்துக்கொண்டே சீவாளியை வாயில் ஈரப்படுத்திப் பொருத்தினார். மேல் ஸ்தாயியில் ஏறி, ஓர் இடத்தில் நீண்ட கார்வை கொடுக்க வேண்டும். ஏறினார். உதட்டோரம் நடுங்கியது. கன்னம் உப்பியிருந்தது, விரல்கள் அதனதன் இடத்தில் இருந்தன. ஆனால் காற்று இல்லை. அரைக்கணம்கூட இராது. அதற்குள் தம்பியின் நாயனம் அந்த ஸ்வரத்தை ஏந்திக்கொண்டு மேலே போய்விட்டது. அதைவிட ஆச்சரியம், தம்பி முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டு, தான் வாசிப்பதே தெரியாதபடி நாயனத்தைக் கீழ் நோக்கிப் பிடித்திருந்தார். அண்ணனுடைய நாயனமோ வானத்தை நோக்கி நிமிர்ந்து நின்றது. கூட்டம் பெரியவரைப் பார்த்து விசிலடித்தது. யாரோ ஒருவர் ஓடிவந்து அவர் சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்தினார். தவில்காரர்கள் இருவரும் அதே கணத்தில் அடியைப் பலப்படுத்தி, பெரியவர் மூச்சு வாங்கும் சத்தத்தை மூடிவிட்டார்கள்.

எட்டுப் பேருக்கும் இது தெரியும். மூன்று கஜத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் இருவருக்கும் தெரிந்தது. எங்கள் வரிசையில் மற்ற கனவான்கள் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எட்டரை அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போதே கமிட்டியைச் சேர்ந்த ஒருவர் வந்து, கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். முளைப்பாரிக்காகக் காத்திருந்த பெண்மணிகளில் ஒரு பாட்டியம்மாள், "ஏலே, நாயனத்தை நிறுத்தச் சொல்ல நீ யாருலே?" என்று கேட்டாள். அதற்குப் பதில் சொல்லக்கூடிய வீரர் கமிட்டியில் இல்லை. ஆகவே எட்டரை என்பது எட்டு ஐம்பதாயிற்று. அதற்குமேல் ஒலிபெருக்கி முழங்கியது. இளைஞர்கள் அதற்கும் ஆடினார்கள். மேளத்துக்கும் அவர்கள் ஆடத்தான் செய்தார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால் நியாயமல்ல. பத்து மணிக்கு ஒலிபெருக்கி ஓய்ந்தது. அதன்பின் அம்மன் புறப்பாட்டுக்கு வேண்டியிருந்தது மேளம்தான்.

மேளத்துக்குச் சாப்பாடு எல்லோரும் சாப்பிட்டான பிறகு, பந்தலின் கடைசியில் போடப்பட்டது. அது நாற்பது வருஷத்து வழக்கமாம். வழக்கம் என்று சொன்னவருக்கு வயது முப்பது இருக்கும். நாங்களும் அந்தப் பந்தியிலேயே போய் உட்கார்ந்தோம். சாம்பார் ஆறியிருந்தது.

பெரியவர் மெதுவாகத்தான் சாப்பிட்டார். "பல்லுப் போச்சுங்க, ஐயா. பல்லுப் போனா உதடு நிக்காது, உதடு நிக்கலேன்னா சீவாளி பேசாது" என்றார். தம்பி ஒன்றும் பேசாமல் அண்ணன் இலையில் ரசத்தை ஊற்றினார். உறுமி வாசித்த பையன் ராஜபாளையத்தில் நூல் மில்லில் வேலை பார்க்கிறவன். ராத்திரி ஷிப்டுக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். இரண்டாவது தவில்காரர் அடுத்த வருஷம் வருவது நிச்சயமில்லை. அவருக்குப் பதில் யார் என்று கேட்டதற்குப் பெரியவர் வெற்றிலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

என் மருமான் சும்மா இருக்கவில்லை. பெங்களூரில் தமிழர்கள் சேர்ந்து பொங்கல் விழா நடத்துகிறார்களாம். அதற்கு இவர்களை அழைக்க வேண்டும் என்று தம்பியைத் தனியே கூப்பிட்டுப் பேசினான். நல்ல தொகை, ரயில் சார்ஜு, தங்க இடம், மேடையில் உட்கார்ந்து வாசிக்கலாம் என்றெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில், "பெரியவரை அவ்வளவு தூரம் அலையவைக்க வேண்டாமே, நீங்கள் மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தால்..." என்று இழுத்தான்.

தம்பி துண்டினால் நாயனத்தைத் துடைத்து உறையில் போட்டார்.

"தம்பி, அண்ணன் முன்னால நிக்கணும். நான் ரெண்டாவது நாயனந்தான். அவுக இல்லாமே நான் எதை வாசிக்க?" என்றார்.

மருமான் கொஞ்சம் யோசித்துவிட்டு, எட்டு டிக்கெட் என்று குறித்துக்கொண்டான். விடியற்காலை வத்திராயிருப்பு பஸ்ஸில், தவில்களுக்குத் தனிச் சீட்டு வாங்க வேண்டும் என்று கண்டக்டர் வாதாடினார். பெரியவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, தம்பியின் தோளில் சாய்ந்து, அதற்குள் தூங்கிப் போயிருந்தார்.