தண்ணீர் போன வழியே

ராமநாதபுரத்துக்காரனுக்குத் தண்ணீர் என்பது கடைசியில் வந்து சேர்வது. வைகை தேனியிலும் மதுரையிலும் சிவகங்கையிலும் வயல்களை நனைத்துவிட்டு, மீதம் இருந்தால் எங்கள் பெரிய கண்மாய்க்கு வரும். மலையே இல்லாத சீமை. வானம் தரையைத் தொடும் இடம் வரைக்கும் பனையும் கருவேலமும்தான். அந்த மண்ணிலிருந்து போன நான், ஆவணி மாதத்துக் காலையில் சாடிவயல் சோதனைச் சாவடியில் இறங்கியபோது பேச்சற்று நின்றேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை. மலையின் இடுப்பில் மேகம். எங்கிருந்தோ தண்ணீர்ச் சத்தம்.

கோவை நகரிலிருந்து மேற்கே சுமார் 37 கிலோமீட்டர். பையில் பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வனத்துறை வண்டியில் ஏற்றிவிடுகிறார்கள். வண்டி நிற்கும் இடத்திலிருந்து காட்டுக்குள் நடை. அருவியின் பெயர் கோவைக் குற்றாலம். தென்காசிக் குற்றாலத்தைத் தென்னிந்தியாவின் ஸ்பா என்பார்கள். அந்தப் பெயரையே கொங்குக்காரர்கள் தங்கள் அருவிக்கும் வைத்துக்கொண்டார்கள். செக் நாட்டின் கார்லோவி வாரி நகரத்தில் வெந்நீர் ஊற்றைக் குவளையில் பிடித்து, குடித்தபடியே உலாவுகிறார்களாம். நமக்கு அவ்வளவு சிரமம் வேண்டாம். தலையை நீட்டினால் போதும், மீதியை அருவி பார்த்துக்கொள்ளும்.

முதல் அடி தோளில் விழுந்ததும் பின்வாங்கினேன். பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த பாட்டி ஒருவர், “தலையக் குடுங்க கண்ணு, ஒண்ணும் ஆகாது” என்றார். கொடுத்தேன். நாற்பது வருட வெயில் உடம்பிலிருந்து இறங்கியது போல இருந்தது.

கரையேறி ஈரத்தோடு உட்கார்ந்து, கூட வந்திருந்த நண்பனின் அப்பாவிடம் கேட்டேன். பேரூர்ப் பக்கத்து விவசாயி அவர். “இந்தத் தண்ணி எங்க போகுதுப்பா?”

“நொய்யலுக்குங்க தம்பி. வாங்க, அது போற வழியிலயே நாமளும் போயிரலாம்.”

அந்த ஒரு வார்த்தையில் என் பயணத்தின் திசை மாறியது. மறுநாள் ஊட்டிக்குப் போவதாக இருந்தேன். அதை விட்டுவிட்டு இரண்டு நாள் தண்ணீரின் பின்னாலேயே நடந்தேன்.

வெள்ளியங்கிரி மலைத்தொடரிலிருந்து இறங்கும் ஓடைகள் கூடுதுறையில் சேர்ந்து நொய்யலாகின்றன. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் சித்திரைச்சாவடி அணைக்கட்டு. அணை என்றதும் நான் மேட்டூரை நினைத்துக்கொண்டு போனேன். ஆற்றுக்குக் குறுக்கே ஒரு தாழ்வான கல்சுவர், அவ்வளவுதான். ஆற்றை அது நிறுத்துவதில்லை. தண்ணீரைச் சற்றே உயர்த்தி, ஒரு பங்கை வாய்க்காலுக்குள் திருப்பிவிட்டு, மீதியைத் தன் தலைமேல் வழியவிடுகிறது. இதுபோல வரிசையாகக் குனியமுத்தூர், கோவை, குறிச்சி, வெள்ளலூர், சிங்காநல்லூர் அணைக்கட்டுகள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு வாய்க்கால், வாய்க்காலின் முடிவில் குளங்கள். கொங்குச் சோழர் காலத்து ஏற்பாடு என்று ஊரில் சொல்கிறார்கள்.

வாய்க்கால் ஓரமாகவே போனோம். புதுக்குளம், கோளராம்பதி, நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, முத்தண்ணன் குளம் என்று பெரியவர் பேரப்பிள்ளைகளின் பெயரைச் சொல்வது போலச் சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு குளம் நிறைந்தால் மிகுதி நீர் அடுத்த குளத்துக்குப் போகும். குளம் நிறைந்திருந்தால் சுற்றுவட்டாரக் கிணறுகளிலும் ஊறும். எங்கள் ஊரில் நாரை பறந்து கடக்க முடியாத 48 மடைக் கண்மாய் என்று ராஜசிங்கமங்கலத்தைப் பெருமையாகச் சொல்வோம். அது ஒரே கண்மாயின் பெருமை. இங்கே பார்த்தது ஒரு கூட்டுக் குடும்பம். மூத்தது சாப்பிட்டுவிட்டு இளையதுக்குத் தள்ளிவிடுகிறது.

சாயங்காலம் உக்கடம் பெரியகுளத்துக்கு வந்தோம். முந்நூறு ஏக்கருக்கு மேல் விரிந்த தண்ணீர். கரையைப் பொலிவுறு நகரத் திட்டத்தில் அகலப்படுத்தி நடைபாதை போட்டிருக்கிறார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழையும் மேற்குக் காற்று தண்ணீரைத் தடவிக்கொண்டு வந்து முகத்தில் படுகிறது. அலுவலகம் முடித்து வந்தவர்கள் வேகநடை போட்டார்கள். கல்லூரிப் பிள்ளைகள் படம் எடுத்தார்கள். ஓர் அம்மா மகளுக்கு சைக்கிள் பழக்கிக்கொண்டிருந்தார். பெரியவர் கைநீட்டிக் காட்டினார்: “காலையில நீங்க குளிச்ச மலை அதுதானுங்க.” மேற்கே, விளக்குகளுக்கு அப்பால், நீலமாக மலை தெரிந்தது. அருவியும் குளமும் இரண்டு சுற்றுலா இடங்கள் என்ற நினைப்பு அந்த நொடியில் போய்விட்டது. ஒரே தண்ணீரின் இரண்டு வயதுகள் அவை.

அடுத்தது வாலாங்குளம். பக்கத்தில் புறவழிச்சாலையின் இரைச்சல், நடுவே படகு சவாரி, கரை நிறையக் குடும்பங்கள். ஒரு பெருநகரத்தின் நடுவயிற்றில் இவ்வளவு தண்ணீர் தேங்கி நிற்பதைப் பார்த்தபோது, எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரையும் பேருந்தில் ஏற்றிக்கொண்டு வந்து காட்ட வேண்டும் போல இருந்தது.

மறுநாள் விடியலில் சிங்காநல்லூர். 2017-ல் இந்தக் குளம் நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக அறிவிக்கப்பட்டது. கரையில் மரங்கள் அடர்ந்து, நகரச் சத்தத்தைப் பாதியாகக் குறைத்துவிடுகின்றன. கூழைக்கடாக்கள் படகுகள் போல வரிசையாக மிதந்தன. நீலத்தாழைக்கோழி ஒன்று இலைமேல் கால் வைத்து நடந்தது. நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைத்தன. ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த எங்கள் சித்திரங்குடிப் பறவைகள் சரணாலயத்தில் நான் பார்த்துப் பழகிய அதே கூழைக்கடா. உறவுக்காரரை வெளியூரில் கண்டது போல நின்று பார்த்தேன்.

ஆனால் அந்தத் தண்ணீரில் கால் நனைக்க மனம் வரவில்லை. மலையில் கூழாங்கல் தெரியத் தெளிவாக இருந்த நீர், இங்கே கறுத்து வாடை அடித்தது. ஆகாயத்தாமரை ஒரு மூலையை மூடியிருந்தது. வழியில் நகரத்தின் சாக்கடை கலந்துவிடுகிறது. பெரியவர் நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “நாங்க சின்னப்பசங்களா இருக்கறப்ப ஆத்துத் தண்ணியக் கையில அள்ளிக் குடிச்சமுங்க தம்பி.”

அந்த வார்த்தையைத் துக்கமாக மட்டும் விட்டுவிடாதவர்களும் இந்த ஊரில் இருக்கிறார்கள். 2003 முதல் ‘சிறுதுளி’ அமைப்பு குளங்களைத் தூர்வாரி வருகிறது. ‘கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்’பின் தன்னார்வலர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் மண்வெட்டியோடு வாய்க்காலில் இறங்குகிறார்கள். எங்கள் ஊரில் கண்மாய் வேலைக்கு வீட்டுக்கு ஓர் ஆள் போவது வழக்கமாக இருந்தது. அது இங்கே வேறு உருவத்தில் உயிரோடு இருப்பதை அறிந்தபோது நெஞ்சு நிறைந்தது.

கோவைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். அருவியில் குளித்ததும் நேராக விடுதிக்குத் திரும்பிவிடாதீர்கள். சித்திரைச்சாவடியில் கால்மணி நேரம் நில்லுங்கள். உக்கடத்தில் ஒரு மாலையும் சிங்காநல்லூரில் ஒரு விடியலும் நடந்து பாருங்கள். நொய்யல் சுமார் 180 கிலோமீட்டர் ஓடி, கரூர் மாவட்டத்தில் தன் பெயரே கொண்ட ஊரில் காவிரியோடு சேர்கிறது. அந்த நீண்ட வழியின் முதல் சில மைல்களில்தான் நாம் குளிக்கிறோம். நமக்குக் கீழே குளங்களும் கிணறுகளும் பறவைகளும் காத்திருக்கின்றன. கடைமடையில் பிறந்தவன் என்ற உரிமையில் கேட்கிறேன்: தண்ணீர் நம்மிடம் வந்தது போலவே அவற்றிடம் போய்ச் சேரட்டும்.