பாறைகளின் ஊரில் ஒரு பகல்

காஜிபேட்டை வழியாகச் செகந்திராபாதுக்கு வரும் ரயில் மௌலாலியை நெருங்கும்போது, ஜன்னலுக்கு வெளியே ஒரு மொட்டைக் குன்று எழும்புகிறது. கவிழ்த்து வைத்த சட்டி போன்ற கருங்கல் குன்று. உச்சியில் ஒரு தர்கா. பாறை பார்க்கக் கிளம்புகிறவர்கள் இங்கிருந்து தொடங்குவது நல்லது. வெயிலில் பாறை கொதிக்கும் முன், காலையிலேயே படியேறிவிட வேண்டும்.

குதுப்ஷாஹிகள் காலத்தில் அரண்மனைச் சேவகர் ஒருவர் கனவில் ஹஜ்ரத் அலி தோன்றினாராம். மறுநாள் பாறையில் அவருடைய கைத்தடம் இருந்ததாம். தர்காவின் கதை அதுதான். அடிவாரத்தில் 1824-ல் மறைந்த உருதுக் கவிஞர் மஹ் லகா பாயின் கல்லறை. மேலே நின்றால் நகரம் முழுக்கக் கட்டடங்கள். இடையிடையே, யாரோ விளையாட்டாக அடுக்கிவிட்டுப் போனது போல் உருண்டைக் கற்கள்.

யாரும் அடுக்கவில்லை. இந்தக் கிரானைட்டின் வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். பூமிக்கடியில் குழம்பாக இருந்து இறுகியது. மேலிருந்த அடுக்குகள் அரித்துப்போக, பாறை வெளியே வந்து நெடுக்கும் குறுக்கும் வெடித்தது. விரிசல்களில் நீர் இறங்கி முனைகளைத் தின்றது. உதிர்ந்த தூளை மழை அடித்துச் சென்றது. மிச்சமிருப்பவைதான் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் குண்டுகள்.

மேற்கே காரைத் திருப்பினால் ஹுசேன் சாகர். ஏரி நடுவே ஒற்றைக் கல் புத்தர். 1990-ல் கொண்டுசெல்லும்போது நீரில் மூழ்கி, 1992-ல் மீட்டு நிறுத்தப்பட்டவர். அடுத்து பஞ்சாரா ஹில்ஸ், ஜூபிலி ஹில்ஸ். குன்றுகள் பெரும்பாலும் பெயரில்தான். பாறைகள் வீடுகளுக்கு இடம்விட்டன. 1998-ல் தேசியப் பூங்காவான கே.பி.ஆர். பூங்காவில் மட்டும் மயில்கள் அகவுகின்றன.

வெடிச் சத்தம் கேட்டுச் சிலர் விழித்துக்கொண்டார்கள். 1996-ல் பாறைகளைக் காக்க ஒரு சங்கம் பிறந்தது. அதில் முன்னின்றவர்களில் ஒருவர் ஜெர்மனியில் பிறந்து இந்த ஊர்க்காரராகிவிட்ட ஃப்ராவ்கே காதர். சங்கம் மக்களைப் பாறை நடைக்கு அழைத்துச் சென்றது. சில பாறைத் தொகுதிகள் பாரம்பரியப் பட்டியலிலும் ஏறின.

பயணத்தின் கடைசி நிறுத்தம், செகந்திராபாதிலிருந்து சுமார் 25 கி.மீ. தள்ளி கச்சிபௌலியில் உள்ள ஹைதராபாத் பல்கலைக்கழகம். உள்ளே நுழைய அனுமதி வேண்டும். மெல்லிய தண்டின்மேல் குடை விரித்த காளான் பாறை இங்கேதான். அந்தி சாயும் நேரத்தில் புள்ளிமான்கள் புதரைவிட்டு வெளியே வரும். நட்சத்திர ஆமையும் மலைப்பாம்பும் இருநூறுக்கும் மேற்பட்ட பறவையினங்களும் இந்தப் பக்கத்தில் பதிவாகியிருக்கின்றன.

வளாகத்தை ஒட்டிய 400 ஏக்கரில் 2025 மார்ச் கடைசியில், யுகாதி விடுமுறையின்போது, புல்டோசர்கள் இறங்கின. நிலம் அரசுடையது, காடு அல்ல, தொழில்நுட்பப் பூங்கா வந்தால் வேலை கிடைக்கும், காளான் பாறை காக்கப்படும் என்றது தெலங்கானா அரசு. மாணவர்கள் மறித்தார்கள். ஏப்ரல் 3-ம் தேதி உச்ச நீதிமன்றம் வேலைகளை நிறுத்தச் சொன்னது. அதற்குள் சுமார் 100 ஏக்கர் மொட்டையாகியிருந்தது.

வெட்டிய இடத்தில் மரம் நடலாம்; மானும் திரும்பலாம். வெடி வைத்துத் தகர்த்த பாறைக்கு மட்டும் மறுநடவு கிடையாது.