குன்றின் மேல் ஒரு கொட்டகை

பாரிஸுக்குப் போகிறவர்கள் எல்லாரும் ஐபெல் கோபுரத்தைப் பார்க்காமல் திரும்புவதில்லை. நீங்களும் பாருங்கள்; யார் வேண்டாமென்றார்கள்? ஆனால் ஒரே ஒரு மாலைப் பொழுதை நான் சொல்லும் இடத்துக்கு ஒதுக்கி வையுங்கள்.

பாதாள ரயிலில் ஏறி 'பிளான்ஷ்' நிலையத்தில் இறங்குங்கள். 'மூலான் ரூஜ்' நடன அரங்கின் சிவப்புக் காற்றாடி கண்ணில் படும். அங்கே கூட்டம் ஜேஜே என்று இருக்கும். அதை விட்டு விலகி, மோன்மார்த்ர் குன்றின் மேல் ஏறும் தெருக்களில் நடங்கள். தொலோஸே தெருவில் 10-ஆம் எண். மூச்சு வாங்குகிறதா? சற்றே நில்லுங்கள். 'ஸ்டூடியோ 28' வந்துவிட்டது!

பெயரைக் கேட்டுப் படப்பிடிப்பு நடக்கிற ஸ்டூடியோ என்று எண்ணிவிடாதீர்கள். இது சினிமாக் கொட்டகை. 1928-ல் திறந்ததால் அந்தப் பெயர். இருநூறு பேர்கூட உட்கார முடியாது. நம் ஊர் டூரிங் டாக்கீஸ் இதைவிடப் பெரிது! ஆனால் உள்ளே போய்த் தலை நிமிர்ந்து பாருங்கள். அந்த விளக்குகளின் அமைப்பு, கவிஞரும் பட டைரக்டருமான ழான் கொக்தோ வரைந்து கொடுத்தது. பின்னால் சிறு தோட்டமும் பானக் கடையும் உண்டு. படம் தொடங்கும் வரை அங்கே ஆற அமர உட்காரலாம்.

இவ்வளவு சாதுவான இடத்திலா ரகளை நடந்தது என்று கேட்பீர்கள். நடந்தது. 1930-ல் லூயி புனுவலின் 'லாஜ் தோர்' இங்கே திரையிடப்பட்டது. 'பொற்காலம்' என்று பொருள். பெரிய மனிதர்களையும் மத ஆசாரங்களையும் படம் கிண்டல் செய்தது. டிசம்பர் 3-ஆம் தேதி தீவிர வலதுசாரிக் கூட்டம் ஒன்று உள்ளே புகுந்தது. திரை மீது மையை வீசினார்கள். புகைக் குண்டு எறிந்தார்கள். படம் பார்க்க வந்தவர்களை அடித்தார்கள். முன்கூடத்தில் டாலி, மிரோ, மான் ரே முதலியோரின் படைப்புகள் இருந்தன. அவற்றையும் நாசமாக்கினார்கள். மை பட்ட திரையை மாற்றிவிடலாம். கிழித்த ஓவியத்தை என்ன செய்வது?

சில நாட்களில் தடை உத்தரவு வந்தது. கலகம் செய்தவர்களுக்கு அல்ல, படத்துக்கு! பாரிஸ் ஜனங்கள் அதை மறுபடி கொட்டகையில் தாராளமாகப் பார்க்க 1981 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் கொட்டகை மூடவில்லை. கை மாறியது; யுத்தத்தைக் கடந்தது; நூற்றாண்டை நெருங்கிக்கொண்டிருக்கிறது.

இத்தனை சிறிய கொட்டகை எப்படிப் பிழைக்கிறது? பிரான்ஸில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. எந்தக் கொட்டகையில், எந்தப் படத்துக்கு டிக்கெட் வாங்கினாலும், விலையில் நூற்றுக்கு 10.72 பங்கு சினிமாவுக்கென்றே உள்ள வரியாகப் போகிறது. 1946-ல் ஏற்பட்ட தேசிய சினிமா மையம் அந்தப் பணத்தைச் சினிமாவின் வளர்ச்சிக்கே செலவிடுகிறது. கலைப் படங்களைக் காட்டும் சிறு கொட்டகைகளுக்கும் அதில் உதவி கிடைக்கிறது. ஆக, ஹாலிவுட்டின் பிரம்மாண்டப் படத்துக்கு வரிசையில் நிற்கிறவர்கூடத் தம்மை அறியாமலே இந்தக் குன்றின் விளக்குக்கு ஒரு சொட்டு எண்ணெய் ஊற்றுகிறார்! ஆனால் எண்ணெய் மட்டும் போதுமா? மேடேறி வந்து உட்கார ஆளும் வேண்டுமே!

பிரெஞ்சு தெரியாதே என்று தயங்காதீர்கள். இத்தகைய கொட்டகைகளில் வெளிநாட்டுப் படங்களைப் பெரும்பாலும் மூல பாஷையிலேயே, பிரெஞ்சு எழுத்துக்களோடு காட்டுவார்கள். ஆங்கிலப் படம் ஓடும் நாளாகப் பார்த்துப் போனால் தீர்ந்தது.

இன்னொரு விஷயம். 2001-ல் வந்த 'அமேலி' படத்தின் கதாநாயகி சினிமா பார்க்கும் காட்சி இங்கேதான் எடுக்கப்பட்டது. இருட்டில் பின்னால் திரும்பி, மற்றவர்கள் முகங்களைப் பார்ப்பதில் அவளுக்குக் கொள்ளை ஆசை. நீங்களும் ஒரு முறை திரும்பிப் பாருங்கள். முன்பின் அறியாத ஐம்பது அறுபது பேர், ஒரே வெளிச்சம் முகத்தில் பட, வாய் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். ஐபெல் கோபுரத்தின் உச்சியிலிருந்தும் அந்தக் காட்சி தெரியாது!