மலையிலிருந்து கடலடிக்கு

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் பெருஞ்சாலை, மாவனல்லையைக் கடந்ததும் வளைந்து வளைந்து மேலேறத் தொடங்குகிறது. ஒரு புறத்தே செங்குத்தான பாறை; மறு புறத்தே கண்ணுக்கெட்டிய தூரம் வரை பள்ளத்தாக்கு; அதற்கப்பால் தட்டையான உச்சியோடு நிற்கும் பதலெகலக் குன்று. ஏற்றம் முடிகின்ற இடத்திலே, கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,700 அடி உயரத்தில், கடுகண்ணாவை அமைந்திருக்கிறது. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் இச்சாலையை அமைப்பதில் முன்னின்ற பொறியியலாளர் கப்டன் டோசன் 1829ஆம் ஆண்டு காலமானார். அவர் நினைவாக 1832இல் எழுப்பிய கோபுரம் இன்றும் சாலையோரத்தில் நிற்கிறது. 1867இல் இருப்புப் பாதையும் இம்மலையேறிக் கண்டியை அடைந்தது. அதன் வரலாற்றைக் கூறும் புகையிரத நூதனசாலை 2014 முதல் இவ்வூரில் உண்டு.

இத்தகைய மலையூரைப் பற்றி எழுதப் புகுந்து, கடலடிப் பயணத்தைப் பற்றிப் பேசுவதென்ன என்று வாசகர் வியக்கலாம். காரணம் உண்டு. மலைநாட்டில் வளர்ந்த நம் இளைஞர்க்குக் கடல்மீது தனியானதொரு மோகம். அண்மையில் நம்மிடம் பயின்ற பழைய மாணவர் மூவர், கையில் ஒரு விளம்பரத் தாளுடன் வந்தனர். மாலைதீவில் ஏழு இரவுகள் கப்பலிலேயே தங்கி, நாளொன்றுக்கு மூன்று முறை சுழியோடலாம். கட்டணமோ மற்றக் கப்பல்களிலும் மிகக் குறைவு என்று அதிலே கண்டிருந்தது. “சேர், இதைவிட மலிவாக வேறெங்கும் கிடையாது. முற்பணம் கட்டிவிடலாமா?” என்று அவர்களுள் ஒருவர் கேட்டார். மூவருள் எவருக்கும் சுழியோடும் பயிற்சி இல்லை.

“தம்பி, விலையைப் பிறகு பார்ப்போம். கயிறு பிடிப்பவர் யார் என்று முதலில் பார்ப்போம்” என்றோம் நாம்.

கயிறு பிடிப்பவர்

இவ்விடத்தில் சிறிது வரலாறு கூறவேண்டும். மன்னார்க் கடலில் நம் முன்னோர் முத்துக்குளித்த காலத்தில், தோணிகள் நள்ளிரவுக்குப் பின் தரைக்காற்றில் பாய்விரித்துப் பார்களை அடையும். நண்பகலுக்குப் பின் கடற்காற்றில் கரை திரும்பும். சுழியோடி ஒரு கல்லின் பாரத்தால் விரைந்து அடியில் இறங்குவான். ஏறத்தாழ ஒரு நிமிடம் மூச்சையடக்கிச் சிப்பிகளைக் கூடையில் சேர்ப்பான். பின்பு கயிற்றை அசைப்பான். தோணியில் நிற்பவன் மேலே இழுப்பான். கயிற்றைப் பிடிப்பவன் கவனம் சிதறினால் கீழே உள்ளவன் கதி என்னாவது? எனவே, தோணியின் அழகையன்றி, கயிறு பிடிப்பவன் குணத்தையே சுழியோடி ஆராய்ந்திருப்பான்.

1943ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டவரான கூஸ்தோவும் கஞ்ஞானும், நீருக்கடியில் சுவாசிக்க உதவும் கருவியை உருவாக்கினர். அன்றுமுதல் சுழியோடியின் முதுகிலேயே காற்று இருக்கிறது; கயிறு மறைந்துவிட்டது. ஆயினும் கயிறு பிடிப்பவர் மறையவில்லை. கப்பலின் தலைவர், வழிகாட்டி, இரவுக் காவலர், காற்று நிரப்புபவர் ஆகிய அனைவரும் இன்று அப்பணியைச் செய்பவரே. மலிவான பயணமொன்றைத் தேர்வதென்பது உண்மையில் இவர்களைத் தேர்வதேயாகும்.

இருவகை மலிவு

கட்டணம் குறைவதற்கு இருவகைக் காரணங்கள் உண்டு. முதலாவது நேர்மையான மலிவு. மாலைதீவில் மார்கழி முதல் சித்திரை வரை வானம் தெளிந்திருக்கும். அப்போது கட்டணமும் உயரும். வைகாசி முதல் கார்த்திகை வரை தென்மேற்குப் பருவக்காற்றின் ஆட்சி, மழையும் அலையும் மிகும், கட்டணம் இறங்கும். ஆயினும் அக்காலத்திற் பெருகும் நுண்ணுயிர்களை உண்ணவே ஆனைத்திருக்கைகள் கூட்டங்கூட்டமாக வருகின்றன. அறையொன்றில் இருவர் தங்குதல், எளிய சோறும் மீன்கறியும் உண்ணுதல், ஆடம்பரமற்ற பழைய மரக்கப்பலிற் செல்லுதல் ஆகியவையும் நேர்மையான மலிவே. இவற்றால் உடலுக்குச் சிறிது சிரமம் உண்டாகலாம், உயிருக்குத் தீங்கில்லை.

இரண்டாவது வஞ்சக மலிவு. காவலரைக் குறைத்தும், கருவிகளைப் பழுதுபாராதும், வழிகாட்டி ஒருவரிடம் பலரை ஒப்படைத்தும் மிச்சம் பிடிப்பது. 2019ஆம் ஆண்டு செப்டெம்பர் 2ஆம் நாள், கலிபோர்னியாக் கரையோரம் நங்கூரமிட்டிருந்த கொன்செப்சன் என்னும் சுழியோடிகளின் கப்பல் அதிகாலையில் தீப்பற்றியது. கீழ்த்தட்டில் உறங்கிய பயணிகள் 33 பேரும் பணியாள் ஒருவரும் மாண்டனர். இரவில் சுற்றிவந்து காவல் புரிய எவரும் இருக்கவில்லை. உறங்குமிடத்திலிருந்து வெளியேற இரு வழிகள் இருந்தன. ஆனால் இரண்டும் தீ எரிந்த ஒரே தட்டிற்கே சென்றன. 2024 நவம்பர் 25ஆம் நாள் செங்கடலில் சீ ஸ்டோரி என்னும் கப்பல் கவிழ்ந்தது. அதிலே 11 பேர் இறந்தனர் அல்லது காணாமற் போயினர்.

இவற்றைக் கேட்டு அஞ்சிக் கடலையே துறக்கவேண்டியதில்லை; கேள்வி கேட்கப் பழகினாற் போதும். உறங்கும் அறையிலிருந்து இரு வேறு இடங்களுக்குச் செல்லும் வழிகள் உளவா? இரவு முழுவதும் விழித்திருப்பவர் யார்? மின்கலங்களுக்கு மின்னூட்டுவது ஆட்கள் விழித்திருக்கும்போதா, உறங்கும்போதா? உயிர்காப்பு அங்கிகள் எங்கே வைக்கப்பட்டுள்ளன? மருத்துவத்திற்கான ஒட்சிசன் எவ்வளவு நேரத்துக்குப் போதும்? அமுக்கச் சிகிச்சை அறை எத்தனை மணிப் பயணத்தில் உள்ளது? வழிகாட்டி ஒருவருக்குச் சுழியோடிகள் எத்தனை பேர்? நல்ல கப்பலார் இவற்றிற்கு மகிழ்ந்து விடையளிப்பர். விடை சொல்லச் சலிப்பவரிடம் நம் பிள்ளைகளை ஒப்படைத்தல் ஆகாது.

தாளிற் காணாத கணக்கு

அடுத்து, மாணவர் கொணர்ந்த தாளை முன்வைத்துக் கூட்டிக் கழித்துப் பார்த்தோம். மாலைதீவு அரசு அறவிடும் பசுமை வரி, 2025 தொடக்கத்திலிருந்து கப்பலிற் தங்குவோர்க்கு நாளொன்றுக்குத் தலைக்கு 12 அமெரிக்க டொலர். ஏழு நாளுக்கு 84 டொலர். சுற்றுலாத் துறைக்கான பொருள் சேவை வரி 2025 யூலை முதல் நூற்றுக்கு 17. இவ்விரண்டும் விளம்பரக் கட்டணத்துள் அடங்குமா என்று தாள் கூறவில்லை. விமானக் கட்டணம், கருவிகளின் வாடகை, துறைமுகத்திலிருந்து அழைத்துச் செல்லும் செலவு, எரிபொருள் மிகைக்கட்டணம், பணியாளர்க்கு அளிக்கும் அன்பளிப்பு, சிகிச்சை அறைச் செலவையும் ஏற்கும் காப்புறுதி ஆகியனவும் புறம்பே. எல்லாம் கூட்டியபோது, விளம்பரத்தில் அதனிலும் கூடுதலாகக் கட்டணம் காட்டிய வேறொரு கப்பலே முடிவில் மலிவாயிற்று. முழுத் தொகையை எழுத்தில் பெறாது முற்பணம் கட்டலாகாது என்பது அன்றைய முதற் பாடம்.

இரண்டாவது பாடம் இன்னும் பெரிது. மாலைதீவுக் கப்பல்கள் செல்லும் இடங்களிற் பல, பவளத்தீவுக் கூட்டங்களின் வாயில்களாகிய கால்வாய்கள். அங்கே நீரோட்டம் வலிது. பொழுதுபோக்குச் சுழியோடிகளுக்கு 30 மீற்றர் ஆழமே அங்குச் சட்டம் வகுத்த எல்லை. அத்துறைகளுக்குச் செல்ல, மேற்பயிற்சியும் பலமுறை சுழியோடிய அனுபவமும் வேண்டுமெனப் பல கப்பலார் விதிக்கின்றனர். தொடக்கப் பயிற்சி பெற்றவர்க்கோ வழக்கமான எல்லை 18 மீற்றர். பயிற்சியே பெறாதவர் அக்கப்பலிற் பணம் கட்டினால், சக பயணிகள் நீருக்குள் செல்வதை மேற்தட்டிலிருந்து வேடிக்கை பார்க்க நேரும். மலிவு என்று வாங்கியது அவ்வளவும் வீணே.

நம் கரையே முதற் பள்ளி

ஆகவே, முதலாண்டில் திருக்கோணமலை. அடுத்த ஆண்டில் மாலைதீவு என்று முடிவாயிற்று. நம் நாட்டில் கரையிலே தங்கி, காலையிற் படகேறிச் சென்று நண்பகலில் திரும்புவதே பெரும்பான்மை வழக்கம். முத்துக்குளித்தோர் வழக்கமும் ஏறக்குறைய இதுவே. செலவும் குறைவு, மனம் ஒவ்வாவிடின் மறுநாள் நின்றுவிடவும் கூடும். நடுக்கடற் கப்பலில் இவ்வுரிமை இல்லை. கிழக்குக் கரையில் சித்திரை இறுதி முதல் புரட்டாதி வரை கடல் அமைதியாயிருக்கும். தென்மேற்குக் கரையிலுள்ள இக்கடுவைப் பகுதிக்குக் கார்த்திகை முதல் சித்திரை வரையே ஏற்ற காலம். பருவத்தை அறிந்து கரையைத் தேர்தல் வேண்டும்.

வைகாசி விடுமுறையில் மாணவருடன் நாமும் நிலாவெளிக்குச் சென்றோம். கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றரில் புறாமலைத் தீவு. 2003 முதல் அது தேசியப் பூங்கா. மாணவர் பயிற்சியாளருடன் ஆழத்திற்குச் செல்ல, நாம் முகமூடி மட்டும் அணிந்து முருகைக்கற்களின் மேலே மிதந்தோம். கிளிமீன்கள் கல்லைக் கறிக்கும் ஒலி செவியிற் கேட்டது. கருநுனிச் செட்டையுடைய சிறு சுறாவொன்று நம்மைப் பொருட்படுத்தாது கடந்து சென்றது. மாலையில் திருக்கோணேச்சரம் சென்று வழிபட்டோம். போர்த்துக்கேயர் 1620களில் இடித்த பழைய கோயிலின் சிதைவுகளை, ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் 1950களில் அம்மலையடிக் கடலிற் சுழியோடிக் கண்டனர். சுவாமி மலையின் விளிம்பில் நின்று அந்நீரை நோக்கும்போது, கடலடி என்பது வேற்றுலகமன்று, நம் வரலாற்றின் ஒரு பகுதியே என்ற உணர்வு பிறக்கிறது.

மட்டக்களப்புக்கு அப்பால், 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் கிடக்கிறது. அதையும் காண மாணவர் அவாவினர். அது 50 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தில் உள்ளது. தொழில்நுட்பப் பயிற்சி மிக்கோர்க்கே உரியது. பயிற்சியாளர் புன்னகையுடன் மறுத்துவிட்டார். கயிறு பிடிக்கத் தெரிந்தவர் அவர் என்று நாம் மகிழ்ந்தோம்.

மலைநாட்டார்க்கு ஒரு வார்த்தை

இனி, கடுகண்ணாவைக்கும் கடலடிக்கும் உள்ள தொடர்பைக் கூறுவோம். கணவாய் ஏறும்போது பேருந்தில் இருப்போர்க்குக் காது அடைத்துத் திறப்பதுண்டு. ஏறக்குறைய 1,700 அடி ஏறுகையில் வளிமண்டல அமுக்கம் நூற்றுக்கு ஆறு பங்களவு குறைவதே காரணம். கடலிலோ அரை மீற்றருக்குச் சற்று அதிகமாக இறங்கினாலே அம்மாற்றம் நேர்ந்துவிடும். 10 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் இருமடங்கு. 30 மீற்றரில் நான்கு மடங்கு. வகுப்பறையிற் கற்ற போயிலின் விதி இங்கே உயிர்காக்கும் விதியாகிறது. மேலெழும்போது சுவாசப்பையில் உள்ள காற்று விரியும். முத்துக்குளித்தவன் மூச்சை அடக்கினான். ஸ்கூபா சுழியோடியோ ஒருபோதும் மூச்சை அடக்கலாகாது.

ஆழத்தில் இருக்கும்போது நைதரசன் வாயு குருதியிலும் தசைகளிலும் கரைகிறது. சோடாப் போத்தலை மெல்லத் திறந்தால் குமிழிகள் அடங்கி எழும். சட்டென்று திறந்தால் பொங்கி வழியும். உடலும் அவ்வாறே. மெல்ல எழவேண்டும், மேற்பரப்புக்கு 5 மீற்றர் கீழே மூன்று நிமிடம் தரித்தல் நலம். மேலே வந்த பின்னும் எஞ்சிய வாயு உடலில் இருக்கும். அந்நிலையில் உயரமான இடத்துக்குச் சென்றால், குறைந்த அமுக்கத்திற் குமிழிகள் தோன்றி மூட்டுவலி, மரத்துப்போதல், பக்கவாதம் வரையிலும் நேரலாம்.

பலநாள் சுழியோடியவர் 18 மணி நேரமாவது காத்திருந்தே விமானம் ஏறவேண்டும் என்று சுழியோடிகளின் பாதுகாப்பு அமைப்பாகிய டான் கூறுகிறது. ஒருமுறை மட்டும் சுழியோடியவர்க்கு 12 மணி. 2,000 அடிக்கு மேற்பட்ட மலைகளுக்குச் செல்வோரும் இதனைக் கருதவேண்டும். கடுகண்ணாவையும் கண்டியும் அவ்வெல்லைக்குச் சற்றே கீழே. நுவரெலியாவோ 6,000 அடிக்கு மேல். கடைசி நாட் காலையிற் சுழியோடிவிட்டு, அன்றிரவே நுவரெலியாவிலுள்ள அக்காள் வீட்டுக்குப் போக நம் மாணவர் ஒருவர் எண்ணியிருந்தார். நாம் தடுத்தோம். அக்கடைசி நாளைக் கன்னியா வெந்நீரூற்றுகளைக் காண்பதற்கு ஒதுக்கி, மறுநாளே மலையேறினோம். அந்த ஒரு நாட் செலவு வீண் செலவன்று. பயணத்தின் காப்புறுதி அதுவே.

ஆஸ்துமா, இருதய நோய், காதுநோய் உடையோர் மருத்துவரைக் கேளாது நீரில் இறங்கலாகாது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய தித்வாப் புயல் மலைநாட்டுச் சாலைகளையும் இருப்புப் பாதைகளையும் பெரிதும் சிதைத்தமையால், புறப்படுமுன் வழியின் நிலையையும் விசாரித்துக்கொள்ளுதல் நன்று.

மாணவர் மூவரும் இப்போது சான்றிதழ் பெற்றுள்ளனர். அடுத்த ஆண்டுக் கப்பலுக்கென மாதந்தோறும் சிறு தொகை சேர்த்து வருகின்றனர். கேள்விகளையும் ஒரு தாளில் வரிசையாக எழுதி வைத்துள்ளனர். பெற்றோரே, உங்கள் பிள்ளைகள் இத்தகைய விளம்பரத் தாளொன்றைக் கொணர்ந்தால், கடலா என்று மிரண்டு அதைக் கிழித்தெறியாதீர்கள். அருகில் அமர்த்தி, அவர்களுடன் சேர்ந்து வரிக்கு வரி வாசியுங்கள்.