கட்டுவோன் கதை: இரண்டாம் பாகம்

தமிழ்ச் சங்க மலரொன்றிலே கணினி விளையாட்டைப் பற்றிக் கட்டுரை வரைதல் தகுமா என வினவுவோர் இருக்கக்கூடும். நாவலையும் நாடகத்தையும் திரைப்படத்தையும் திறனாய்வுக்கு உட்படுத்தும் நாம், எமது தலைமுறையினர் இராப்பகலாக ஈடுபட்டிருக்கும் ஒரு கலைவடிவத்தைத் தீண்டாது விடுவதற்குத் தக்க காரணம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை. யப்பானிய நிறுவனமாகிய ஸ்குவெயர் எனிக்ஸ் வெளியிட்ட ‘ட்ராகன் குவெஸ்ட் பில்டர்ஸ்’ என்னும் தொடரின் இரண்டாம் பாகமே ஈண்டு நான் எடுத்துக்கொண்ட பொருள். அது 2018 டிசெம்பரில் யப்பானிலும் 2019 யூலையில் ஏனைய நாடுகளிலும் வெளிவந்தது. கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒன்றுவிட்ட அண்ணன் தமது நிண்டெண்டோ சுவிட்ச் கருவியை என்னிடம் விட்டுச் சென்றமையால், இரு பாகங்களையும் வெருகலிலே எங்கள் வீட்டுத் திண்ணையில் இருந்தே ஆடி முடித்தேன்.

2016இல் வந்த முதற்பாகத்தின் கற்பனை வியக்கத்தக்கது. 1986ஆம் ஆண்டின் முதல் ‘ட்ராகன் குவெஸ்ட்’ விளையாட்டிலே, இறுதிப் பகைவன் நாயகனுக்குப் பாதி உலகைத் தருவதாக ஆசை காட்டுவான். நாயகன் அதற்கு இணங்கியிருந்தால் உலகம் என்னவாகியிருக்கும் என்பதே பில்டர்ஸின் தொடக்கம். இருள் சூழ்ந்த அவ்வுலகில் மாந்தர் பொருள்களை ஆக்கும் அறிவையே இழந்துவிட்டனர். கல்லின்மேற் கல் வைக்கவும் அறியாத அவர்களிடையே ஆக்கத் தெரிந்த ஒருவராக நாம் செல்கிறோம். ஊரொன்றைக் கட்டி முடிக்கிறோம். முடித்ததும் அதனை விட்டு வெறுங்கையுடன் அடுத்த நிலத்துக்குப் போகவேண்டும். பொருள்கள் மட்டுமன்றி, கற்ற வித்தைகளும் பறிபோகின்றன. இதனைப் பெருங்குறையெனப் பலரும் பழித்தனர்.

இரண்டாம் பாகம் அப்பழியைத் துடைக்க முனைகிறது. கப்பல் உடைந்து நாம் கரையொதுங்கும் தீவு கதைமுழுதும் நமக்கே உரியதாகிறது. வேற்றுத் தீவுகளிலே நாம் காணும் மாந்தரிற் சிலர் நம்முடன் வந்து அதிற் குடியேறுகின்றனர். கருவிகள் தேய்ந்து உடைவதில்லை; வரைபடத்தை வைத்தால் ஊரவர் தாமே சேர்ந்து கட்டுகின்றனர். எனினும் ஒரு கட்டுப்பாடு எஞ்சியுள்ளது. கதை நிகழும் புதிய தீவுக்குச் செல்கையில், சேர்த்துவைத்த கட்டுமானப் பொருள்களை உடன் கொண்டுசெல்ல இயலாது. ஆயினும் கற்ற செய்முறைகள் நம்மிடமே இருக்கும். பலருக்கு எரிச்சலூட்டும் இதனை நான் இவ்விளையாட்டின் தலையாய சிறப்பென மதிக்கிறேன்.

அதற்குக் காரணமுண்டு. என் தாயார் மூன்று முறை புதிதாக அடுப்பு வைத்தவர். வெருகல் முகத்துவாரத்து வீட்டை 2004 டிசெம்பரில் கடல் கொண்டது. உள்ளே தள்ளிப் போட்ட கொட்டிலை 2006இல், மூன்று வயதுப் பிள்ளையாகிய என்னைத் தூக்கிக்கொண்டு கைவிட்டார். மீண்டு வந்தபோது அவ்விடத்தில் பற்றை மண்டியிருந்ததாம். ஆனால் கிடுகு பின்னவும், களிமண் குழைத்து அடுப்புப் பிடிக்கவும் அவர் ஒருபோதும் மறந்தாரல்லர். முதற்பாகத்தின் கட்டுவோன் ஊர்தோறும் கைவினையையும் மறந்து நிற்கிறான். அது மனித அனுபவத்துக்கு ஒவ்வாதது. இரண்டாம் பாகத்தை அமைத்தோர் இவ்விடத்திலே உண்மையைத் தொட்டுவிட்டனர்.

வரைபட விடயத்தில் அவர்களை அவ்வாறு பாராட்ட முடியவில்லை. கதைத் தீவுகளின் பெருங்கட்டடங்களை, இன்ன கல் இன்ன இடத்தில் என்று விதித்தபடியே எழுப்பவேண்டும். குடியிருக்கப் போகிறவனிடம் எவரும் எதுவும் கேட்பதில்லை. மீள்குடியேற்ற வீட்டுத்திட்டங்களிலே ஒரே அச்சில் வார்த்த வீடுகளைக் கண்டவர்களுக்கு இது புதிதன்று. எங்கள் வீட்டிலும் குசினி உள்ளேதான் அமைந்தது. ஒரு மாதத்துக்குள் அம்மா பின்புறத்தில் பத்தி இறக்கிவிட்டார். சொந்தத் தீவிலேனும் நினைத்தவாறு கட்ட இடமிருப்பது ஆறுதல்.

சிறு குறைகள் வேறுமுள. பாத்திரங்கள் ஓயாது பேசுகின்றன; தெரிந்ததையே திரும்பத் திரும்பக் கற்பிக்கின்றன. நடுவே வரும் சிறைத்தீவு கதையோட்டத்தைத் தடுக்கிறது. இவற்றையெல்லாம் மறக்கச்செய்வது மால்ரோத் என்னும் பாத்திரமே. நமது தோழனாகிய அவனால் எதனையும் ஆக்க முடியாது. உடைக்க மட்டுமே முடியும். அவன் உடைத்துத் தரும் மரத்தையும் கல்லையும் கொண்டே நாம் கட்டுகிறோம். அழிப்பவனைப் பகைவனாக்கி ஒதுக்காது அருகிலே நிறுத்தி, அவனது ஏக்கத்தையும் பொருமலையும் மெல்ல மெல்ல வளர்த்திருப்பது, முதற்பாகத்தில் இல்லாத ஆழம்.

வேளாண்மைத் தீவாகிய ஃபரோஃபீல்ட் பற்றியும் கூறவேண்டும். ஆக்குதல் பாவமென்னும் போதனைக்கு அஞ்சிய மக்கள், பாழ்பட்ட மண், அதனைப் பண்படுத்தும் மண்புழு வடிவிலான உயிர் என்று அப்பகுதி அழகாகவே தொடங்குகிறது. வயலிலே வெருளியொன்றை நட்டதும் ஊரவர் தாமாகவே வந்து விதைத்து நீர் ஊற்றுகின்றனர். அதைக் கண்டு நான் மகிழ்ந்தது உண்மை. ஆயின் நெல் விளையும் ஊரிற் பிறந்தவனுக்கு ஓர் உறுத்தல் உண்டாகிறது. அவ்வயல்களுக்கு வட்டவிதானை இல்லை. மேல்வயற்காரன் வாய்க்காலை அடைத்தான் என்ற வழக்கு இல்லை. விதைப்புக்கு முந்திய கூட்டமும் இல்லை. பின்னர் நம் கைக்கு வரும் குடமொன்று எவ்வளவு ஊற்றினும் வற்றுவதில்லை. இவ்வளவு நுணுக்கமாக வேளாண்மையைச் சித்திரித்தவர்கள் நீரை மட்டும் எளிதாகக் கடந்துவிட்டனர்.

2006 யூலையில் மாவிலாற்று மதகு மூடப்பட்டது. அதையொட்டி மூண்ட போரிலே ஈச்சிலம்பற்று மக்கள் வெருகலாற்றைத் தாண்டி வாகரைப் பக்கம் ஓடினர். அவர்களுள் நாங்களும் இருந்தோம். ஏறத்தாழ நூறு மணித்தியாலம் ஆடியும், இந்த நீர் எவருடையது என்று அவ்வுலகில் ஒருவரேனும் கேட்கக் கேட்டிலேன்.