வாசலில் ஒரு தேவாங்கு

முதல்லயே சொல்லிடறேன், நான் ஆசாரி இல்லீங்க. பகலில் கணக்கு எழுதும் ஆள். ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் உளியும் கொட்டாப்புளியுமாக உட்கார்ந்துவிடுவேன். இதுவரை அலமாரிக் கதவில் ஒரு பனங்காடை, ஜன்னல் கட்டையில் ஆறுமணிக்குருவி, அம்மா உட்காரும் மணையில் நட்சத்திர ஆமை. (ஆமை புகுந்த வீடு விளங்குமான்னு தங்கமணி கேட்டது தனிக்கதை!)

இந்தத் தடவை விஷயம் கொஞ்சம் பெரிசு. 2024 டிசம்பர் 1, ஃபெஞ்சல் புயல் மழை. எங்கள் திருவண்ணாமலையில் மலைச்சரிவில் மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டில் இருந்த 7 பேர் இறந்தார்கள். அதில் 5 பேர் குழந்தைகள். அதே ராத்திரிதான் அப்பா நட்ட வேப்பமரம் எங்கள் வாசலில் சாய்ந்தது. அந்த நேரத்தில் மரத்துக்காக அழ முடியுமா? யாரும் வாயே திறக்கவில்லை. விறகுக்குக் கேட்டு வந்த ஆளை மட்டும் அம்மா திருப்பி அனுப்பிட்டாங்க.

ஒரு அங்குல கனத்துக்கு ஒரு வருஷம் காயணும்னு தெரிந்த ஆசாரி சொன்னார். எனக்கேது பொறுமை? எட்டாவது மாசமே உளி வெச்சேன். வேம்பு செதுக்கினவங்களுக்குத் தெரியும், தூள் பறந்து தொண்டை வரைக்கும் கசக்கும்.

தலைவாசல் நிலைக்கு மேல் கஜலட்சுமி வரும்னு அம்மா நம்பிட்டு இருந்தாங்க. தேரில் ஆசாரிகள் யாளியும் குதிரையுமா செஞ்சு வெச்சிருக்கிற அழகுக்கு, சாமி பக்கம் நான் கை வைக்கிறதே தப்பு. நான் வரைந்தது தேவாங்கு.

"வாசல்ல யாராச்சும் தேவாங்கை வெப்பாங்களாடா? அதைச் சொல்லித்தான்டா ஊர்ல திட்டறாங்க!"

இதுக்குன்னே 2022ல் கடவூரில் 11,806 ஹெக்டேரில் சரணாலயம் அறிவிச்சிருக்காங்கம்மா, நாட்டுலயே முதல் தடவை, பயிரைத் தின்கிற பூச்சியையெல்லாம் இது தின்னுடும்னு என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். ம்ஹும். ரெண்டு நாள் பேச்சே இல்லை.

வேலை முடிகிற நேரத்தில் பலகை விரிசல் விட்டது. சரியா இடது கண்ணில். எட்டு மாச அவசரத்துக்குக் கிடைச்ச பரிசு! மரத்தூளையும் கோந்தையும் குழைத்து அடைத்தேன். இருந்தாலும் அந்தக் கண் மட்டும் சிறுத்து, தூக்கக் கலக்கத்தில் முழிக்கிற மாதிரி ஆகிவிட்டது.

மாட்டின அன்னிக்கு அம்மா கீழே நின்னு ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்தாங்க.

"உங்கப்பா நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்தா இப்படித்தான்டா முழிப்பாரு. பக்கத்துல ஒரு வேப்பங்கொத்து செதுக்கிடு."

உளி மழுங்கிடுச்சு. சாணைக்குக் கொடுத்திருக்கேன்.