ஏரி ஓரத்தில் ஒரு யூரியா கணக்கு

பூந்தமல்லியிலிருந்து ஆவடி, அம்பத்தூர் வழியாகக் கிழக்கே போனால் ஏரிகள் வரிசையாக வரும். பருத்திப்பட்டு, அம்பத்தூர், கொரட்டூர்... மதகு திறந்து நெல்லுக்குப் பாய்ந்த தண்ணீர். இன்று கரைவரை வீட்டுமனைகள். நவரை நாற்றைப் பார்க்க பட்டாபிராம் தாண்டித் திருநின்றவூர் பக்கம் போக வேண்டும். அந்த வயல்களுக்குப் பழக்கமான 'விஜய்' யூரியா வருவது, கொரட்டூரைத் தாண்டி மாதவரத்துக்கு அப்பால் இருக்கும் மணலியிலிருந்து.

அங்குள்ள மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் ஆலை 1971-ல் உற்பத்தியைத் தொடங்கியது. காற்றில் இருக்கும் நைட்ரஜனோடு ஹைட்ரஜனைச் சேர்த்தால் அம்மோனியா. அதிலிருந்துதான் யூரியா. ஹைட்ரஜனை முதலில் நாப்தாவிலிருந்து எடுத்தார்கள், 2019 முதல் இயற்கை எரிவாயுவிலிருந்து எடுக்கிறார்கள். அதையே சூரிய, காற்றாலை மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து எடுத்தால் 'பசுமை அம்மோனியா'.

தண்ணீரா? ஏரிக்கரைக்காரர்களுக்கு உடனே பகீர் என்றிருக்கும். ஆனால் 45 கிலோ யூரியா மூட்டைக்குச் சுமார் 25 கிலோ அம்மோனியா போதும். அதற்குப் பிரிக்க வேண்டிய தண்ணீர் 40 லிட்டர்தான், இரண்டு குடம் சொச்சம். சுத்திகரிக்கவும் குளிர்விக்கவும் கூடுதலாகத் தேவைப்படும். மணலி ஆலைகளுக்கு இப்போதே கொடுங்கையூரில் சுத்திகரித்த கழிவுநீர் போகிறது. எனவே தண்ணீரைவிட மின்சாரம்தான் பெரிய செலவு.

ஒரு கிலோ அம்மோனியாவுக்குச் சுமார் 10 யூனிட் வேண்டும். மூட்டைக்கு 250 யூனிட். சின்னக் குடும்பம் ஒன்று இரண்டு மாதம் எரிக்கிற மின்சாரம்! யூனிட் 4 ரூபாய் என்றால் மின்சாரத்துக்கே 1,000 ரூபாய். விவசாயி கடையில் கொடுப்பதோ 266 ரூபாய் 50 காசு. பகல் நேரச் சூரிய மின்சாரம் 2.50 ரூபாய்க்குக் கிடைத்தாலும் 625 ரூபாய் ஆகிவிடும். இரவில் தண்ணீரைப் பிரிக்கும் இயந்திரம் சும்மா நிற்கும். கடனில் வாங்கிய அறுவடை இயந்திரம் கொட்டகையில் நின்றாலும் வட்டி நிற்காதே, அதே கதைதான்.

இது புதுசும் அல்ல. பஞ்சாபின் நங்கலில் 1961-லேயே பக்ரா அணை மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து உரம் செய்தார்கள். மின்சாரத்துக்கு வேறு கிராக்கி வந்ததும் எண்ணெய்க்கு மாறிவிட்டார்கள்.

2025-ல் மத்திய அரசின் சூரிய மின்சாரக் கழகம் 13 உர ஆலைகளுக்காக ஏலம் நடத்தியது. ஆண்டுக்கு 7.24 லட்சம் டன் பசுமை அம்மோனியா, விலை கிலோ சுமார் 50 முதல் 65 ரூபாய். அந்த ஆண்டு மார்ச்சில் சாதாரண அம்மோனியா டன் 515 டாலர், அதாவது கிலோ 45 ரூபாய்க்குள். ஆக, பசுமைக்கு விலை அதிகம்தான். அரசு முதலாண்டில் கிலோவுக்கு அதிகபட்சம் 8.82 ரூபாய் ஊக்கத்தொகை தருகிறது. அது அடுத்த ஆண்டுகளில் குறைந்துகொண்டே போகும்.

பிறகு ஏன் வாங்க வேண்டும்? உக்ரைன் போர் வந்த 2022-ல் அம்மோனியா டன் 1,000 டாலரைத் தாண்டியது. ஏல விலையோ பத்து ஆண்டுக்கு ஒன்றேதான். மானியக் கணக்குப் போடுகிறவர்களுக்கு அந்த நிம்மதி பெரிது. விவசாயிக்கு மூட்டை விலை குறையும் என்று மட்டும் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. யூரியாவுக்கு அம்மோனியாவோடு கரியமில வாயுவும் வேண்டும். எரிவாயு ஆலையில் அது கூடவே கிடைத்துவிடும், தண்ணீரைப் பிரித்தால் கிடைக்காது. அதனால் பசுமை அம்மோனியா முதலில் டிஏபி, 20:20 போன்ற உரங்களுக்குத்தான் போகும். திருநின்றவூர் நெல்லுக்கு மேலுரமாக இடும் யூரியாவின் முறை அதற்குப் பிறகுதான்.